ஐந்தாவது ஆள்

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் என் கடை.
ஃபோட்டோஸ்டேட் ஒரு பக்கம் பத்து சென்.
பாஸ்போர்ட் படம் நாலு பிரதி எட்டு வெள்ளி.
பழைய படம் துடைத்துக் கொடுக்க
பார்த்துத்தான் விலை.

பொன்னுருவி கொண்டுவந்தது
மைலோ டின்னுக்குள் சுருண்டு கிடந்த ஒன்று.
கிளன்மோர் தோட்டத்து ஆயாக்கொட்டகை, அறுபத்தொன்றாம் வருஷம்.
வாசலில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள்,
அவர்கள்மேல் உப்பும் மிளகும் தூவினாற்போல்
தூசி, பூஞ்சை.

"மெர்டேக்காவுக்கு அடுத்த வருஷம் பொறந்தவ நான்.
இங்கதான் பொறந்தியான்னு கேக்கறாங்க பதிவிலாகாவுல.
இதுதான் இருக்கு."
சிவப்பு ஐசியை மேசைமேல் வைத்தாள்,
யாரோ மறந்துவிட்டுப் போன பொருளை
ஒப்படைப்பதுபோல்.

ஸ்கேன் செய்தேன்.
ஒரு புள்ளி, அதைச் சுற்றி எட்டுப் புள்ளி.
எட்டும் சாம்பல்: நூற்றுப் பன்னிரண்டிலிருந்து
நூற்று இருபத்திரண்டுக்குள்.
நடுவில் இருப்பது மட்டும் கரி. ஆறு.

சராசரி போட்டால்
அந்த ஒன்றின் குற்றத்தை ஒன்பது பேருக்கும் பங்கிட்டு
நூற்றைந்து என்னும்.
ஒன்பதில் ஒருத்தருக்கும் சொந்தமில்லாத எண்.
கறை போகாது, இளகிப் பரவும்.

இடைநிலை அப்படியில்லை.
பெரட்டுக் களத்தில் நிறுத்துவதுபோல்
கறுப்பிலிருந்து வெளுப்புக்கு வரிசை கட்டும்,
ஐந்தாவது ஆளைக் கைப்பிடித்து நடுவில் வைக்கும்.
நூற்றுப் பதினேழு.
ஓரத்தில் நிற்பவன் எத்தனை கறுப்பு என்று விசாரிக்காது.
எதையும் கற்பிக்காது, இருப்பவரில் ஒருவரையே தரும்.
கதவு விளிம்பு கலங்காது, படிக்கட்டு கரையாது.
எனக்கு அதன்மேல் மரியாதை.

ஒரே சொடுக்கு.
வெள்ளைச் சட்டைகள் வெளுத்தன.
அவள் என் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு
வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"எல்லாப் பிள்ளையும் இருக்கு. நான் எங்கம்மா?"

"மூணாவது வரிசை, நாலாவது. நீங்கதானே காட்டினீங்க?"

"இது எந்தப் பிள்ளையாவும் இருக்கலாம்."
முகத்தைத் திருப்பினாள்.
அறுபத்தாறு வயது இடது கன்னத்தில்
ஒரு மிளகு.

எட்டு பேர் சாம்பல், ஒருத்தி கரி.
வரிசையில் முதல் ஆள்.
நான்தான் அனுப்பிவைத்தேன்.

அன்று பசார் மாலாம் விளக்குகள் அணைந்த பிறகும்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
ஒன்பதை இருபத்தைந்தாக்கினால்
பெரிய ஜன்னல், பெரிய வாய்: இரண்டு கண்ணையும் தின்றது.
ஸ்கேனரை அதன் உச்சத்துக்கு ஏற்றினேன்.
மச்சம் பெருத்தது. பூஞ்சையும் பெருத்தது.
இரண்டும் அதே ஆறு, அதே ஏழு.
எண்ணைக் கேட்டால் எண் சொல்லாது.

ஓரத்தைப் பார்க்கத் தோன்றியது எப்போது என்று நினைவில்லை.
தேநீர் ஆறியிருந்தது.
பூஞ்சைக்கு ஓரம் கத்தி. சட்டென்று வெட்டி முடிகிறது.
மச்சத்துக்கு ஓரம் மெத்தை:
கறுப்பு, கறுஞ்சாம்பல், சாம்பல், பிறகு கன்னம்.
மச்சம் அன்றைய கேமராவின் கண்ணாடி வழியே வந்தது,
அந்தக் கண்ணாடிக்கு லேசாய்க் கண் மங்கல்.
பூஞ்சை வந்து உட்கார்ந்தது பிறகு,
அதைப் பார்த்தது என் ஸ்கேனர் மட்டுமே.

ஒரே சொடுக்கை விட்டுவிட்டு
கறை கறையாய் வட்டமிட்டு
அந்தந்த வட்டத்துக்குள் மட்டும் ஐந்தாவது ஆளைக் கூப்பிட்டேன்.
இருநூற்றுச் சொச்சம்.
மூன்று மணிக்கு லோரிகள் செம்பனைக் குலையோடு
மில்லுக்குப் போகத் தொடங்கிவிட்டன.

பதினைந்து வெள்ளி சொன்னேன், பத்து கொடுத்தாள்.
பதிவிலாகாவில் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.
கடிதம் வருமாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று.
கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில்,
பேர் தெரியாத ஒரு பையன்,
பொன்னுருவிக்கும் தெரியவில்லை.
அவன் புருவத்துக்குமேல் ஒரு புள்ளி.
ஓரம் ஒரு பக்கம் கத்தி, ஒரு பக்கம் மெத்தை.
தூசியாகவும் இருக்கலாம்.

தொடவில்லை.